நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காத மாமியார்

கேள்வி: லண்டனிலிருந்து, உள்ளேயே படுக்கையும் கழிவறையும் உள்ள கேம்பர்வேனில் பிரான்ஸ் கடற்கரைக்கு வந்திருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார். மோன் சான் மிஷேல் பார்த்துவிட்டு இப்போது எத்ரெத்தாவில் நிற்கிறோம். மூன்று நாளில் கலேயில் கப்பல். அதற்குள் வழியிலுள்ள ஊரையெல்லாம் பார்த்தே தீர வேண்டும் என்கிறார் கணவர். எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போதும். கழிவறை கேசட்டை, அதாவது கழிவு சேரும் டப்பாவை, காலி செய்வது தன் தலையிலேயே விழுகிறது என்று கணவர் தினமும் சத்தம் போடுகிறார். பிள்ளைகள் போனை விட்டு நிமிர்வதில்லை. மாமியாரால்தான் ஒரு தொந்தரவும் இல்லை, நாலு மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. யார் சொல்வது சரி?

பதில்: சுற்றுவதா, உட்காருவதா என்ற வழக்கு ஊட்டி போனவர்களிடமிருந்தும் எனக்கு வருகிறது. அது கிடக்கட்டும். உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். பாராட்டாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மாவுக்குத் தாகம் இல்லையா? கேசட் சுமார் 20 லிட்டர் பிடிக்கும். ஐந்து பேருக்கு இரண்டு நாள் தாங்கினால் அதிகம். அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது மகன் முணுமுணுப்பது நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதில் விழாதா? ராத்திரி எழுந்தால் சாப்பாட்டு மேசையை மடக்கிப் போட்ட படுக்கை கிறீச்சிடும், ஃபிளஷ் பட்டனை அழுத்தினால் பம்ப் கர்ரென்று எல்லோரையும் எழுப்பும். அவர் கணக்குப் போட்டுவிட்டார். நம் ஊர்ப் பெண்களுக்கு இது பழைய வித்தை. பஸ் ஸ்டாண்டு கழிவறைக்குப் பயந்து, பயணத்துக்கு முந்தின ராத்திரியே தண்ணீரைக் குறைத்தவர்கள். கும்பகோணத்தில் கற்றதை அவர் பிரான்சிலும் செய்கிறார். நீங்களோ அதைத் 'தொந்தரவு இல்லை' என்கிறீர்கள்!

அந்த வயதில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரில் கிருமி வரும், தலை சுற்றும். பிபி மாத்திரை போடுபவராக இருந்தால் இன்னும் மோசம்.

உங்கள் கணவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. தம்பி, நீ பிறந்து இரண்டு வருஷம் உன் பீத்துணியை அலசியது யார்? ஷெங்கன் விசாவுக்கு விரல்ரேகை கொடுக்க வைத்து அம்மாவைக் கூட்டி வந்தவன், ஒரு டப்பாவைக் கொட்டிக் கழுவ மூக்கைச் சுளிக்கலாமா? இது மகன் செய்ய வேண்டிய வேலை. மருமகளும் முறை வைத்துச் செய்யலாம், தப்பில்லை. பெரிய பையனும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கூடப் போகட்டும்.

சரி, மிச்சம் மூன்று நாள். எத்ரெத்தாவில் நீங்களெல்லாம் படியேறிப் பாறை வளைவைப் பார்த்தபோது அவர் வேனில் இருந்திருப்பார், கேட்காமலே தெரிகிறது. நாளை லெ த்ரேபோர் போங்கள், தியெப்பைத் தாண்டினால் அரை மணிதான். அங்கே ஊரிலிருந்து வெள்ளைப் பாறை உச்சிக்கு ஒரு குட்டி இழுவை ரயில் போகிறது. டிக்கெட் கிடையாது, படி ஏற வேண்டாம். மேலே போனால் ஊர் கூரைகளும் கடலும் காலடியில் தெரியும். வேனைத் தெருவோரம் நிறுத்தாமல், வேன்கள் தங்கும் கேம்பிங் மைதானங்களில் தனிக் கழிவறைக் கட்டடம் உள்ளதாகப் பார்த்து இரண்டு ராத்திரி இருங்கள். அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இடம் கேளுங்கள். அங்கிருந்து கலே இரண்டு மணி நேரப் பாடு.

அப்புறம், "ஏன் தண்ணீர் குடிக்கவில்லை" என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். "தாகமில்லை" என்றுதான் சொல்வார். சாப்பாடு முடிந்ததும் மகன் சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரட்டும். ராத்திரி எழுந்தால் டார்ச்சோடு தானே கூட வருவதாக முதலிலேயே சொல்லிவிடட்டும். அவர் முழுச் சொம்பையும் குடித்தாரா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.