சீனாவில் டிரேட்மார்க்: வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: எங்கள் டிரேட்மார்க் இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. சரக்கைச் சீனாவில் செய்து வாங்குகிறோம். அங்கேயும் பதிய வேண்டுமா?

பதில்: வேண்டும். இந்தியப் பதிவு இந்திய எல்லையோடு நின்றுவிடும். சீனாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. முதலில் பயன்படுத்தியவர் யார் என்பது பெரும்பாலும் பிந்தைய பேச்சு. அட்டைப்பெட்டி டிசைனைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: தொழிற்சாலை முதலாளி நல்லவர். தன் பெயரில் பதிந்து, பிறகு எங்களுக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆப்பிள் நிறுவனமே இதில் மாட்டியது. ஐபேட் என்ற பெயரை 2009இல் ப்ரோவியூ என்ற கணினித்திரை நிறுவனத்தின் தைவான் பிரிவிடமிருந்து, வேறொரு நிறுவனத்தின் பெயரில், 35,000 பவுண்டுக்கு வாங்கியது. சீனப் பதிவோ ப்ரோவியூவின் இன்னொரு பிரிவான, சீனாவின் ஷென்ஷென் நகர நிறுவனத்தின் பெயரில் இருந்தது. 2012இல் சமரசத்துக்கு ஆறு கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். முதலாளியின் குணம் பதிவேட்டில் ஏறாது.

கேள்வி: எங்கள் சரக்கு முழுவதும் ஏற்றுமதிக்கு. சீனாவில் ஒன்றுகூட விற்கமாட்டோம். அங்கே வேறொருவர் அந்தப் பெயரைப் பதிந்திருந்தாலும், அது எப்படி டிரேட்மார்க் மீறலாகும்?

பதில்: நல்ல கேள்வி. 2015இல் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் உங்கள் பக்கம்தான் பேசியது. மெக்சிகோ நிறுவனத்துக்காகச் சீனத் தொழிற்சாலை செய்த 'ப்ரெடுல்' பூட்டுகள் எல்லாம் மெக்சிகோவுக்கே போயின. ஆகவே மீறல் இல்லை என்றது. 2019இல் ஹோண்டா வழக்கில் காற்று திசை மாறியது. மியான்மர் நிறுவனம் ஒன்றின் அனுமதியோடு சீனாவில் செய்த 220 'ஹோண்டாகிட்' மோட்டார் சைக்கிள்களை 2016இல் சுங்கத்துறை பிடித்திருந்தது. சீனாவின் யுன்னான் மாகாண உயர் நீதிமன்றம் மீறல் இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கேள்வி (மற்றொருவர்): வண்டி மியான்மரில் ஓடப்போகிறது. குழம்புவதற்குச் சீனாவில் யார் இருக்கிறார்கள்? அநியாயத் தீர்ப்பு.

பதில்: சரக்கைக் கையாளும் போக்குவரத்துக்காரர்கள், வெளிநாடு போகும் சீனர்கள், இணையம் வழியே திரும்பி வரும் பொருள்கள் என்று நீதிமன்றம் அடுக்கியது. அந்த வாதம் எனக்கும் இழுத்துப் பிடித்ததாகவே படுகிறது. ஆனால் வண்டியைப் பாருங்கள்: 'ஹோண்டா' பெரிய எழுத்தில், 'கிட்' பொடி எழுத்தில், இறக்கைச் சின்னம் சிவப்பில். இப்படி ஒட்டியவனுக்காக நான் கண்ணீர் விடமாட்டேன்.

கேள்வி (முன்பு கேட்டவர்): அப்படியானால் பூட்டு வழக்குத் தீர்ப்பு செத்துவிட்டதா?

பதில்: செத்ததாக யாரும் அறிவிக்கவில்லை. ஏற்றுமதிக்காகச் செய்வது என்ற ஒரே காரணத்தால் ஒரு வணிக முறைக்கு நிரந்தர விலக்கு கிடையாது, ஒவ்வொரு வழக்கையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றுதான் 2019 தீர்ப்பு சொல்கிறது. அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு கன்டெய்னர் ஏற்றாதீர்கள். சீனச் சுங்கத்துறை வெளியே போகும் சரக்கையும் பிடிக்கும். உங்கள் குறியை வேறொருவர் அங்கே பதிந்து சுங்கத்திலும் பதிவு செய்திருந்தால், உங்கள் சரக்கே துறைமுகத்தில் நிற்கும்.

கேள்வி: இந்தியப் பதிவு இருந்தால் சீனாவில் செல்லாதா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: எங்கள் பெயரை ஒருவர் ஏற்கெனவே அங்கே பதிந்துவிட்டார்.

பதில்: அவர் விண்ணப்பத்தின் அறிவிப்பு வெளியாகி மூன்று மாதத்துக்குள் என்றால் எதிர்ப்பு மனு. பதிவாகி ஐந்து ஆண்டுக்குள் என்றால் செல்லாததாக்கும் மனு. தொடர்ந்து மூன்று ஆண்டு அவர் பயன்படுத்தவில்லை என்றால் ரத்து கோரலாம். பயன்படுத்தும் எண்ணமே இல்லாமல் தீய நோக்கோடு போடும் விண்ணப்பங்களை நிராகரிக்க 2019 சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது. சீன எழுத்திலும் ஒரு பெயர் பதியுங்கள். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் 2016இல் தன் பெயரின் சீன எழுத்துகளை மீட்டார். அதே உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதிய பதிவுகளில் தோற்றார்.

கேள்வி: எங்கள் பம்ப்பின் காப்புரிமை பற்றி?

பதில்: என் துறை அன்று. காப்புரிமை வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, இந்தியாவில் பதிந்த சான்றிதழைச் சீன சுங்கத்தில் காட்டினால்…

பதில்: காட்டலாம். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள்.