நோம்பிக்கு (பண்டிகைக்கு) செய்யும் உருளைக்கிழங்கு வறுவலில் எண்ணெயைக் குறைக்க முடியுமா?

முடியும். பொரிப்பது என்றால் கிழங்கு எண்ணெயில் மூழ்கி வேகுவது. அப்போது அதன் ஈரம் ஆவியாகிப் போகும். எடுத்து ஆறவைக்கையில் அந்த இடத்தில் எண்ணெய் புகுந்துவிடும், பிழிந்த துணி சிந்தியதை உறிஞ்சுவதுபோல.

அதனால் வேகவைக்கும் வேலையைத் தண்ணீருக்குக் கொடுங்கள். உப்பு, மஞ்சள் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, துணியில் பரப்பி உலரவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு போட்டால் கல்லில் ஒட்டி உப்புமா ஆகிவிடும், எனக்கு ஆகியிருக்கிறது. அப்புறம் இரும்பு தோசைக்கல்லில் 4 பேருக்கு 4 டீஸ்பூன் கடலை எண்ணெய், சிறு தீ. சிவந்ததும் கொரகொரப்பாகப் பொடித்த வரமிளகாய், மல்லி, சீரகம். தேங்காயை அள்ளிப் போடும் நம் கொங்குக் கையையும் கொஞ்சம் அடக்கலாம்.

செக்கில் ஆட்டிய எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றும் செய்யாது என்பார்கள். ஆனால் எந்த எண்ணெயானாலும் 1 கிராமுக்கு அதே சுமார் 9 கலோரிதான்.