தலையாட்டிவிட்டு வரும் அப்பா

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் அப்பாவுக்கு வயது 63. வலது காதில் பல வருஷமாகச் சீழ். ஐந்து மாதத்துக்கு முன் ஈப்போவில் மஸ்டாய்ட் (காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு) ஆபரேஷன் செய்தார்கள். சீழ் நின்றுவிட்டது, ஆனால் முன்பு கேட்ட அளவுகூட இப்போது கேட்கவில்லை. ஆபரேஷன் வீண்தானா? எங்களுக்கெல்லாம் வேலை இருப்பதால் அப்பாவே பஸ் ஏறிப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார். கேட்டால் 'எல்லாம் சரி' என்பார்.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: காது கேட்காத மனிதரை, டாக்டர் சொல்வதைக் கேட்டு வரச்சொல்லித் தனியாக அனுப்பியிருக்கிறீர்கள், தம்பி. டாக்டர் முகத்தில் மாஸ்க், பேச்சு மலாயில், வெளியே நீண்ட வரிசை. உதட்டசைவுகூடத் தெரியாத அவர் வேறென்ன செய்வார்? தலையாட்டிவிட்டு வந்திருப்பார். காதுக்குள் ஒலியைக் கடத்தும் மூன்று குட்டி எலும்புகளின் சங்கிலி என்ன ஆனது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லாததற்குக் காரணம் அதுதான்.

மஸ்டாய்ட் ஆபரேஷனின் முதல் வேலை நோயைச் சுரண்டி எடுப்பது. கேட்கும் திறன் அடுத்ததுதான். காற்றில் வரும் ஒலி உள்காதின் நீரில் நேராக மோதினால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். அப்படி ஆகாமல் பார்ப்பவை செவிப்பறையும் அந்தச் சங்கிலியும். செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர், சங்கிலியின் கடைசியில் உள்காதைத் தொடும் அங்கவடி எலும்பின் அடித்தட்டு 3.2தான். இந்த வித்தியாசமும் மூன்று எலும்புகளின் நெம்புகோல் வேலையும் சேர்ந்து அழுத்தத்தைச் சுமார் 22 மடங்காக்குகின்றன. நாள்பட்ட சீழும் உள்ளே வளரும் தோலும் பெரும்பாலும் முதலில் அரிப்பது சங்கிலியின் நடுவில் உள்ள பட்டடை எலும்பின் நீண்ட காலை. சில காதுகளில் அந்த நோய்த் தோலே அறுந்த இடத்தில் பாலமாக நின்று ஒலியைக் கடத்திக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் கேட்பது குறையும். அப்பாவுக்கும் அப்படி ஆகியிருக்கலாம். அதற்காக நோயை விட்டுவைக்க முடியாது; மூளை வரை போகலாம்.

அறுந்த சங்கிலியை டைட்டானியம் துண்டோ குருத்தெலும்போ வைத்து இணைக்கலாம். நோய் திரும்பவில்லை என்று பார்த்தபின், பலருக்கும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் கழித்தே அதைச் செய்வார்கள். அதற்கு நாள் குறித்தார்களா என்பது அப்பாவுக்கே தெரியாமல் இருக்கலாம்.

அடுத்த தேதி கார்டில் இருக்கும். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும், லீவு போடுங்கள். வெயிலிலும் மழையிலும் பால்மரம் வெட்டி உங்களை வளர்த்தவருக்கு அதைக்கூடச் செய்யாவிட்டால் பிள்ளை எதற்கு? ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த ஆடியோகிராமை (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் காதுத் துளை வழியாகக் கேட்பதற்கு ஒரு கோடு, எலும்பை அதிரவைத்து நேராக உள்காதுக்குக் கேட்பதற்கு ஒரு கோடு. இரண்டுக்கும் இடைவெளி பெரிதென்றால் கோளாறு செவிப்பறையிலோ சங்கிலியிலோ; சரிசெய்ய வழி உண்டு. இரண்டும் சேர்ந்து கீழே இறங்கியிருந்தால் உள்காதோ நரம்போ பழுது. எலும்பை இணைத்துப் பலனில்லை, காது கேட்கும் கருவிதான். காதுக் குழாயின் பின்சுவரை எடுத்தார்களா என்றும் கேளுங்கள். எடுத்திருந்தால் அங்கே உண்டாகும் குழியை ஆறு மாதம், ஒரு வருஷத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்கச் சுத்தம் செய்யவேண்டும். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைக்கவேண்டும்; குளிர்ந்த நீர் உள்ளே போனால் தலை சுற்றும்.

நாற்றமுள்ள சீழ், விடாத தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது, இதில் எது வந்தாலும் கார்டுத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கும் அவரைத் தனியாக பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள்.