வாழ்நாளில் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டிய இயற்கை அதிசயம் எது?

நயாகராவையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என் பதில், கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஃபண்டி விரிகுடா. அங்கே கடல் ஏறுகிறது, வற்றுகிறது, அவ்வளவுதான். அது ஏறுகிற உயரம்தான் அதிசயம்.

நான் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன். முகத்துவாரத்தில் நீர் வற்றியதும் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு மீட்டர், என் இடுப்பளவு. ஃபண்டியின் உள்முனையில், நோவா ஸ்கோஷியாவின் பர்ன்ட்கோட் ஹெட்டில், அது 16 மீட்டர் வரை போகிறது. ஐந்து மாடிக் கட்டடம் மூழ்கும் உயரம்!

விரிகுடா உள்ளே போகப் போகக் குறுகி, ஆழமும் குறைவது ஒரு காரணம். இன்னொன்றை வடசென்னைக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து இடுப்பில் வைத்து நடக்கும்போது, நம் நடையும் குடத்து நீரின் ஆட்டமும் ஒத்துப்போனால் தண்ணீர் தளும்பிச் சேலையை நனைத்துவிடும் அல்லவா? ஃபண்டி அப்படிப்பட்ட குடம். பெருங்கடலில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். ஃபண்டியின் நீர் ஒருமுறை உள்ளே போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரமும் கிட்டத்தட்ட அதுவே. அதனால் ஒவ்வொரு முறையும் பெருங்கடல் சரியான தருணத்தில் தள்ளிவிடுகிறது.

அண்ணன் ஃபண்டிக்குப் பக்கத்திலுள்ள மாங்டன் நகரில் வேலை செய்கிறான். ஓர் ஆகஸ்டில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர் அவர். ஃபண்டிக் கரையிலுள்ள ஹோப்வெல் பாறைகளுக்கு, கடல் வற்றிய நேரத்தில் போனதும் படிகளில் இறங்கிக் கடலின் தரையில் நடந்தோம். அலை அரித்து அடி மெலிந்த பெரும் பாறைகள், தலையில் மரங்களோடு பூந்தொட்டிகள்போல் நின்றன. அப்பா மரத்தைப் பார்க்கவில்லை. தம் தலைக்கு மேல் பாறையில் தொங்கிய பழுப்புப் பாசியை எட்டிப் பிடித்து, விரலால் நசுக்கினார். தண்ணீர் சொட்டியது. "இதற்கும் மேலே நிற்கும்" என்றார். ஆறு மணி நேரம் கழித்து மேல்தளத்திலிருந்து பார்த்தபோது, நாங்கள் நின்ற இடத்துக்கு மேலே சிலர் சிறு படகில் துடுப்புப் போட்டுப் போனார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: அங்கே போனால் அரை மணி நேரத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, இரண்டையும் காணும்படி ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகஸ்டில் போனால் சேற்றுத் திட்டுகளில் கூட்டம் கூட்டமாக உள்ளான்களையும் பார்க்கலாம். பழவேற்காட்டில் நாம் பார்ப்பவற்றின் உறவுப் பறவைகள். அங்கே இரை தின்று கொழுத்துத் தென்னமெரிக்காவுக்குப் பறந்துவிடுகின்றன.

மறுநாள் அல்மா என்ற மீன்பிடி ஊருக்குப் போனோம். வற்ற நேரம். சிங்கி இறால் பிடிக்கும் படகுகள் துறைமுகத்தின் தரையில் உட்கார்ந்திருந்தன. அப்பா நேராகக் கயிற்றிடம் போனார். "எவ்வளவு விட்டுக் கட்டியிருக்கிறான் பாருடா. நம் ஊரில் இப்படிக் கட்டினால் படகு பக்கத்துப் படகில் போய் மோதும்." பிறகு துறையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். செம்பழுப்பு நீர் சத்தமே இல்லாமல் படகுகளின் அடியைத் தொட்டது. அண்ணன் இரண்டு முறை வந்து சாப்பிடக் கூப்பிட்டான்.

"படகு மிதக்கட்டும், வருகிறேன்" என்றார்.