வீட்டில் மூவர் ஓட்டும் கார்

கேள்வி: கார் என் பெயரில் உள்ளது, மனைவியும் மகனும் ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் வீட்டிலுள்ள ஓட்டுநர் அனைவரையும் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும் என்கிறாள், அங்கு வசிக்கும் மகள். நாங்களும் அவர்கள் பெயரைப் பாலிசியில் சேர்க்க வேண்டுமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: பொதுவாகத் தேவையில்லை. அமெரிக்காவில் ஓட்டுபவரின் வயதும் விபத்து வரலாறும் பிரீமியத்தைப் பெரிதும் தீர்மானிப்பதால் அங்கே பெயர்கள் கேட்கப்படுகின்றன. நம் நாட்டில் பாலிசி வாகனத்தைச் சார்ந்தது. உங்கள் அனுமதியுடன் ஓட்டுபவரிடம் விபத்து நேரத்தில் அந்த வகை வாகனத்துக்குச் செல்லுபடியாகும் உரிமம் இருந்தால் போதும். மகனிடம் பழகுநர் உரிமம் மட்டுமே இருந்தால், முழு உரிமம் பெற்றவர் ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதும் ‘எல்’ பலகையும் கட்டாயம்.

பலர் கவனிக்கத் தவறும் இடம் வேறு. 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமம் வைத்திருக்கும் உரிமையாளரான உங்களுக்கு மட்டுமே உரியது. மனைவியோ மகனோ ஓட்டும்போது அடிபட்டால் அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது என்பதால், கூடுதல் பிரீமியம் செலுத்தி அவர்களுக்கும் தனிநபர் விபத்துப் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்வதே என் பரிந்துரை. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்தால், விபத்தில் அவர் அடிபட்டால் நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கான பாதுகாப்பையும் தனியே சேர்க்கலாம்.

விடுமுறை நாட்களில் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணிகளை வாடகைக்கு ஏற்றிச் செல்லும் எண்ணம் மகனுக்கு இருந்தால் (உங்கள் பகுதியில் இந்த ஆசை இயல்பானதே), சொந்தப் பயன்பாட்டுக்கான பாலிசி அதற்குப் பொருந்தாது. இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.