சொந்தக்காரர்களுக்குச் சூப்பர்ஹீரோ பொம்மை செய்து கொடுத்தால் எவ்வளவு பணம் கேட்கலாம்?

ஓய்வு நேரத்தில் சூப்பர்ஹீரோ பொம்மைகளை மாற்றிச் செய்கிறேன், இப்போது உறவினர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள், என்ன விலை சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விலை சொல்லக் கூச்சப்படுகிறவர் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் முன்பணம் கைக்கு வராமல் அடுப்பில் வெந்நீர் கூட வைக்காதீர்கள். பொம்மைக்குத் தங்கள் வீட்டு ஆள் முகத்தைச் செய்யச் சொன்னால் விலையை இரட்டிப்பாக்குங்கள். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதுதான் மீதி.

நான் மொரீஷியசில், கியூர்பிப் பக்கம் இருக்கிறேன். பதினோரு ஆண்டுகள் ஒரு மாதிரிக் கப்பல் பட்டறையில் வேலை. 1744இல் இந்தத் தீவின் பவளப்பாறையில் மோதி உடைந்த சாங்-ஜெரான் கப்பலின் மாதிரிக்கு எத்தனை தடவை பாய்மரக் கயிறு கட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் கைப்பழக்கத்தில்தான் பொம்மைக்கு வந்தேன். பொம்மை என்றால் சேகரிப்பாளர்களுக்குக் கோபம் வரும், ஆக்‌ஷன் ஃபிகர் என்று சொல்ல வேண்டுமாம். 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோவை விற்க வந்தபோது, ஆண் பிள்ளைகள் பொம்மை வாங்க மாட்டார்கள் என்று பயந்து வைத்த பெயர் அது. எனக்குப் பொம்மை போதும்.

2023 கடைசியில் மனைவி வழிச் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். அண்ணன் முறை. மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள் வருகிறது, ஸ்பைடர்மேன் உடம்பில் மகனின் முகம் வேண்டும் என்றார். 1962இல் வெளிவந்த நாள் முதல் முகம் முழுக்க மூடியிருப்பதுதான் அந்த வீரனுடைய அடையாளமே. அவனுக்கு எதற்கு முகம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "நாலாயிரம் ரூபாய் ஆகும், அண்ணே" என்றேன், மொரீஷியஸ் ரூபாய்தான். ஆறு அங்குல மூலப் பொம்மையும் அதை வரவழைக்கும் செலவும் சேர்ந்து அதில் பாதிக்கு மேல் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் வாயில் அந்தத் தொகைதான் வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு முன்பணம், எல்லாம் நூறு ரூபாய் நோட்டுகள்.

உடம்பு வேலை சுலபம். கழுத்தைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் பிடித்தால் பிளாஸ்டிக் இளகி, தலை குமிழோடு கழன்று வரும். மூட்டுகளில் உட்பக்கத்தை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலை மடக்கிய முதல் தடவையே பெயின்ட் உரிந்து கையோடு வரும். தலைதான் வேலை. ஆறு அங்குலப் பொம்மையின் தலை இரண்டு சென்டிமீட்டர் உயரம். அதில் மூக்கு ஓர் அரிசிக் குருணை அளவு. எபாக்ஸி புட்டியின் இரண்டு பாகத்தையும் சம அளவில் பிசைந்தால், இறுகுவதற்குள் ஒரு மணி நேரம் சொச்சம் கிடைக்கும். அதற்குள் ஈர விரலும் ஊசியும் வைத்துப் பையனின் முகத்தைக் கொண்டுவர வேண்டும்.

முதல் தலையைப் பார்த்து அண்ணன், மூக்கு சப்பை என்றார். இரண்டாவதைப் பார்த்து அண்ணி, காது பெரிது என்றார். மூன்றாவதைப் பார்த்த பாட்டி, இது பேரன் இல்லை, செத்துப்போன என் வீட்டுக்காரர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது பாராட்டா புகாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான்காவதை யாருக்கும் காட்டாமல் நானே உடைத்துப் போட்டேன். பிரம்மாவுக்கு ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளி எறிந்தார். என்னுடைய ஐந்தாவதை யாரும் கிள்ளவில்லை, நிறம் சரியில்லை என்றார்கள்.

பையன் நல்ல மாநிறம். பழுப்பும் மஞ்சள் காவியும் துளி சிவப்பும் கலந்து அச்சாக அவன் கன்னத்து நிறத்தைக் கொண்டுவந்திருந்தேன். "கொஞ்சம் வெளுப்பாக்கு, தம்பி" என்றார் அண்ணன். வெள்ளையைக் கலந்தால் தோல் வெளுக்காது, சுண்ணாம்பு பூசிய சுவராகும். சொன்னேன், கேட்கவில்லை. செய்து காட்டினேன், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் மாதிரி இருக்கிறானே என்றார். பழைய நிறத்துக்குத் திரும்பினேன். இந்த வேலைக்கெல்லாம் தனிப் பணம் இல்லை.

கடைசியில் வார்னிஷ். 2024 ஜனவரி நடுவில் பெலால் புயல் வந்தது. கியூர்பிப்பில் சும்மாவே சுவர் வியர்க்கும், அந்த வாரம் கேட்கவே வேண்டாம். பிறந்தநாள் நெருங்குகிறது என்று அண்ணன் அவசரப்படுத்த, அந்த ஈரக் காற்றிலேயே பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தேன். பொம்மை முழுக்கப் பால் தெளித்தது போல வெள்ளை படர்ந்துவிட்டது. இது என் தவறு, யார் மேலும் பழி போட மாட்டேன். தேய்த்தெடுத்து மறுபடி பெயின்ட் அடித்தேன். வீட்டில் காவடி விரதம் தொடங்கியதால் பிறந்தநாள் விருந்தைத் தைப்பூசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்கள், முருகன் காப்பாற்றினான்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் தலையை ஒரு ராத்திரியில் எடுத்துவிடலாமே என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எடுங்கள், எனக்கு வழக்கு இல்லை. என்னிடம் அந்த இயந்திரம் இல்லை. இயந்திரம் இருந்தாலும் மூக்கு சப்பை என்று சொல்கிற அண்ணன் அங்கேயும் இருப்பார். மார்வெல் பாத்திரத்தைச் செய்து விற்பது சட்டப்படி சரியா என்று கேட்பவர்களுக்கு: நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு பொம்மையை ஒரு தடவை மாற்றித் தருகிறேன், அச்சு எடுத்து நூறு வார்ப்பதில்லை. அது போதுமா என்பதை வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மூடியில் பையனின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தேன், காசு வாங்காமல். அண்ணன் பார்த்துவிட்டு, "இதை யார் படிக்கப் போகிறார்கள்? பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடு" என்றார். 1998இல் இங்கே புதிய ரூபாய் நோட்டில் ஹிந்தியைத் தமிழுக்கு மேலே அச்சிட்டுவிட்டார்கள் என்று நம்மவர்கள் கொந்தளித்து, நோட்டையே திரும்பப் பெற வைத்தார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி இதே அண்ணன் ஒவ்வொரு விருந்திலும் பேசுவார். எனக்குத் தந்த நூறு ரூபாய் நோட்டில் நம்மவரான அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசனின் படமும் இருக்கிறது, தமிழ் வரியும் இருக்கிறது. அந்த வரியைப் படித்துக் காட்டச் சொன்னால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். போகட்டும்.

விருந்தில் பையன் பெட்டியைத் திறந்தான். முகமூடி போட்ட மூலத் தலையையும் ஓரத்தில் வைத்திருந்தேன். தன் முகத்தை அரை நிமிடம் பார்த்தான், "மெர்சி, தோந்தோன்" என்றான் (நன்றி, மாமா என்று அர்த்தம்), தலையைப் பிடுங்கினான், முகமூடித் தலையை மாட்டினான், தோட்டத்துக்கு ஓடிவிட்டான்.

மறுநாள் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். மீதி ஆயிரத்து ஐந்நூறைப் பற்றித்தான். அந்த இன்னொரு தலையைப் பையன் தொடுவதே இல்லை, திருப்பித் தந்துவிட்டால் அதற்கு உண்டான பணத்தைக் கழித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.