மடைக்கருப்பு ஏன் முங்கினார்?

கேள்வி: மடை (கண்மாய் நீரை வயலுக்கு விடும் மதகு) திறக்க முங்கியவர் திரும்பவே இல்லை, அவர்தான் மடைக்கருப்பு சாமியாக நிற்கிறார் என்பார்கள் எங்கள் ஊரில். அதைச் சூழலியல் சிறுகதையாக்கி அனுப்பியிருக்கிறேன். நண்பர்கள் ‘நீதிக்கதை மாதிரி இருக்கு’ என்கிறார்கள். எங்கே சறுக்கினேன்?
(சிவகங்கை மாவட்ட வாசகர்)

பதில்: உங்கள் கதையில் மரம் வெட்டினார்கள், கருப்பு கோபித்தார், மழை பொய்த்தது. சாமியைக் காவலர் வேலைக்கு வைத்துவிட்டீர்கள்! உங்கள் மாவட்டத்திலேயே கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் மிரளும் என்பதுதான் காரணம். காரணம் தெரிந்தால் கதை நிற்கும்.

அவர் ஏன் முங்கினார்? பழைய மடையில் நீருக்கடியில் இருக்கும் கல்துளையை மரக்கட்டை அடைத்திருக்கும். கட்டை இறுகிவிட்டால் ஆள் முங்கித்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கிய நொடியில் துளைக்குள் பாயும் நீர் கையையோ காலையோ இழுக்கும். ஆழம் கூடக்கூட இழுவையும் கூடும்.

சரி, நிறைகண்மாயில் மடையை எதற்குத் திறக்கிறார்கள்? மிச்ச நீர் கலுங்கு எனும் வழிந்தோடி வழியாகத்தானே போக வேண்டும்? கலுங்கின்மேல் வரிசையாக நட்ட கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் அடைத்தால் நீர் இன்னும் கொஞ்சம் உயரும். கண்மாய்ப் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரருக்கு அது லாபம். கரைக்கு உட்புறம் நீர் தேங்கும் உள்வாயில் பயிர் வைத்தவருக்கு எல்லாம் முழுகிப்போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் அடைப்பை எடுக்காவிட்டால் கரைக்கே ஆபத்து. மடை விடும் நீரோ கலுங்கு விடுவதில் சிறு பங்குதான். ஆக, முங்கியது வேறு வழியற்ற கடைசி முயற்சி. அடைத்தவர் யார், எடுக்கவிடாதவர் யார்? கதை அங்கே கிடக்கிறது.

இன்னொன்று: ‘பாட்டனுக்குப் பாட்டன் காலம்’ என்கிறீர்கள், ஆனால் கதையில் உள்வாயெங்கும் சீமைக்கருவேலம் நிற்கிறது. அது கண்மாய்களை மூடியது 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். நாட்டுக்கருவேலமாக்குங்கள்.

கேள்வி: முங்கியவரின் கதையை மூவர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: மூன்றையும். சொல்பவரின் வயல் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைமடைக்காரருக்கு முங்கியவர் வீரராக இருக்கலாம். கடைமடைக்காரருக்கு ஏவிவிடப்பட்டவராக இருக்கலாம். வயல்களுக்கு நீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி வீட்டில் கேட்டால் களத்தில் அளக்காமல் விட்ட கூலி நெல்கூடக் கதைக்குள் வரலாம். திண்ணையில் உட்கார்ந்து கேட்பதைவிடக் கரைமேல் நடந்தபடி கேளுங்கள். கலுங்கைக் கண்டதும் மறந்த துண்டுகள் ஞாபகம் வரும். முங்கியவரின் வாரிசுகள் ஊரில் இருந்தால், அச்சுக்குப் போகுமுன் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் போதாது. மடைக்கும் தனிப்பெயர் உண்டு, அதையும் மாற்றுங்கள்.